ஏழு மணி நேரம் பாக்கி

லேப்டாப் திரையில் ‘இன்னும் ஏழு மணி நேரம்’ என்றிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பும் அது இதையேதான் சொன்னது. மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆறு மணிக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்கணும்ங்க. இது நத்தை மாதிரி ஊருது. ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடுங்க!”

எட்டு வருடமாக வரைந்து சேர்த்த நகை டிசைன்கள். அத்தனையும் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்த கம்ப்யூட்டர் சேமிப்புப் பெட்டியில் கிடந்தன. வீட்டு நெட்வொர்க் வழியாக லேப்டாப்புக்கு வந்து சேர வேண்டும்.

“இதுல ஒண்ணு வேற யார் கைக்காவது போச்சு, நமக்குப் பைசா தேறாது” என்று இழுத்தான் கணவன். ஆனாலும் போன் செய்தான்.

அரை மணியில் ரிப்பேர்காரன் வந்தான். ஆளைப் பார்த்ததுமே மனைவிக்குப் பிடிக்கவில்லை. திருட்டு முழி. அடையாள அட்டை கேட்டால், “வண்டியில இருக்குக்கா” என்றான். அலமாரிப் பூட்டைத் தட்டிப் பார்த்தான்.

“நல்ல பூட்டு சார். சாவி?”

“தொலைஞ்சிருச்சு” என்றான் கணவன்.

“வீட்ல வேற யாரும் இல்லையா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று வெட்டினாள் மனைவி.

அவன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். பாய்ந்து போய்த் தடுத்தாள்.

“வேகம் பார்க்கறதுக்குக்கா! நான் என்ன திருடவா வந்திருக்கேன்?”

யார் கண்டது! கணவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “கண்ணை எடுக்காம பாருங்க. காலம் கெட்டுக் கிடக்கு, ஒருத்தனையும் நம்ப முடியல.”

ரிப்பேர்காரன் மேஜைக்கடியில் புகுந்து, தூசியோடு ஒரு வயரை உருவினான். “உள்ளுக்குள்ள அறுந்திருக்கு சார். பத்துல ஒரு பங்கு வேகம்தான் வருது. எந்தப் புண்ணியவான் மாட்டினான் இதை?”

“தெரியலப்பா” என்றான் கணவன்.

புது வயர் ஏறியது. ஏழு மணி நேரம் சடாரென்று நாற்பது நிமிடமாக இறங்கியது. ஐந்து மணிக்கெல்லாம் அத்தனை டிசைனும் லேப்டாப்பில்!

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. “அடேயப்பா, என்ன வேகம்! அந்தப் பழைய ஃபோல்டர்களையும் இழுத்துடுவோம்.”

“போதும்ங்க, நேரமாச்சு!”

“பத்தே நிமிஷம்டி!” பத்து நிமிடம், இன்னொரு பத்து நிமிடம் என்று இழுத்துக்கொண்டே இருந்தான்.

கூலிக்காகக் காத்து நின்ற ரிப்பேர்காரனைப் பார்க்க மனைவிக்கு வெட்கமாகப் போய்விட்டது. “உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காத.”

“இருக்கட்டும்க்கா. எந்தத் திருடன் எந்த வேஷத்துல வருவான்னு யாருக்குத் தெரியும்?”

அப்போது வாசல் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கையில் பயணப் பெட்டியோடு உள்ளே வந்த வழுக்கைத் தலைக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என் வீட்டுக்குள்ள யாருங்க நீங்கல்லாம்?” என்றார்.