மூன்றாவது வரிசை

துறை அறையின் ஜன்னலில் மலையின் நிழல் ஏறுகிறது. கருத்தரங்குக்கு நிதி கேட்கும் விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். நிதி வராவிட்டால் இந்த வருடம் கூட்டமே கிடையாது. பொதுமக்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று படிவம் கேட்கிறது. பேராசிரியை மரகதவல்லியின் மேசையில் போன வருடக் கூட்டங்களின் புகைப்படங்களும் வருகைத் தாள்களும் மின்விசிறிக் காற்றில் படபடக்கின்றன. "எல்லாம் நம்ம ஸ்டூடண்ட்ஸ்தான் மேடம். இந்தம்மா ஒருத்தங்கதான் வெளியாளு, நாலு மீட்டிங்குக்கும் வந்துக்கினு இருக்காங்க" என்கிறார் கிளார்க் ஜெபகுமார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து யாருக்கோ இடம் பிடித்திருக்கிறாள். நான்கு படங்களிலும் அந்த நாற்காலி காலி. அவள் பெயரைத் தேடி ஜெபகுமாரின் விரல் வருகைத் தாளில் இறங்கி நிற்கிறது. எழுதிப் பழகாத கையெழுத்தில், நான்கு தாள்களிலும் ஒரே பெயர்தான்: நந்திதா, எம்.ஏ. முதலாமாண்டு. நந்திதா சேர்ந்த மூன்றாம் மாதமே நகரி சாலையில் லாரி மோதி இறந்துபோன மாணவி. இந்தக் கூட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. பெயருக்கு நேரே இருக்கும் தொலைபேசி எண்ணை மரகதவல்லி மெதுவாக அழுத்துகிறார். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்துவிடுகிறாள். பின்னால் விசைத்தறி ஓடுகிறது. "காலேஜா மேடம்? அடுத்த மீட்டிங் எப்போ? எங்க நந்திதா பாப்பா கேட்டுக்கினே கீது."