ஒத்திகை பார்த்த 'மாட்டேன்'

"மனித குலம் கண்டுபிடிச்சதுலயே மட்டமான சாமான் கல்யாணம்தான். அதைக் கையாலகூடத் தொடாம, முப்பது வருஷம் ஒருத்தனோட குடித்தனம் நடத்திக் காட்டினவன் இந்த டாஸ்மேனியாவிலேயே நான் ஒருத்தன்தான்."

க்ளைவ் இதைச் சொன்னபோது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. தன் சிலையைத் தானே திறந்து வைப்பவரைப் போல பியர் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

பார் நடத்தும் நோரீன் நிமிரவில்லை. "ஒருத்தன் இல்ல, ரெண்டு பேர். வார்விக்கும் அந்த வீட்டுலதான் இருக்கார். அவரைக் கேட்டியா?"

"அவன்தான் என்னைக் கேட்டான், ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சட்டம் வந்த அன்னைக்கு. மாட்டுக்குத்தான் காதுல வில்லை மாட்டணும், எனக்கு எதுக்குன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

க்ளைவும் வார்விக்கும் ஆப்பிள் தோட்டம் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த புதிதில், இரண்டு ஆண்கள் ஒரே கட்டிலில் படுப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். அப்போது இவர்களைக் கண்டாலே தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போன அதே பெண்கள், கல்யாணச் சட்டம் மாறியதிலிருந்து வழிமறித்துக் கேட்கிறார்கள்: "எப்போ கல்யாணச் சாப்பாடு?" க்ளைவுக்குப் பழைய நாட்களே தேவலை என்றிருந்தது.

"நோரீன், ஊர் ஹால் சாவி உன்கிட்டதானே இருக்கு? வர்ற சனிக்கிழமை அங்க என்ன நடக்குது?"

"கோர்டனுக்கும் மேவிஸுக்கும் கல்யாணம். உனக்கும்தானே சொன்னாங்க?"

"கோர்டன். அந்தக் காலத்துல எங்க வீட்டுல எத்தனை கட்டில்னு எண்ண வந்த போலீஸ்காரன். அவன் கல்யாணத்துக்கு வார்விக் எதுக்குப் புதுக் கோட்டு தைக்கணும்? அதெல்லாம் சாக்கு. என்னை அங்க கூட்டிட்டுப் போய், ஊர் முன்னால வார்விக் பக்கத்துல நிக்க வெச்சு, கல்யாணத்துக்குத் தலையாட்ட வைக்கப் போறீங்க."

"உன் தலை ஆடி ஊருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் நோரீன். ஆனால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். க்ளைவ் அதைக் கவனித்தார்.

வீட்டில் வார்விக் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். க்ளைவைக் கண்டதும் வைத்துவிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார்.

"போன்ல யாரு?"

"நோரீன்."

"இப்பதான் அவளைப் பாத்துட்டு வரேன். என்னவாம்?"

வார்விக்கின் கை ஒரு நொடி நின்றது. "ஒண்ணுமில்ல. ஹால் விஷயம்."

"இந்தக் கோட்டு, ஷூ எல்லாம் யார் கல்யாணத்துக்கு?"

"கோர்டன் கல்யாணத்துக்கு. நான்தான் மாப்பிள்ளைத் தோழன்."

"கட்டில் எண்ணினவன் உன்னைத் தோழனா கூப்பிட்டானா? நம்பற மாதிரி ஏதாவது சொல்லு."

"மன்னிப்புக் கேக்கத் தெரியல அவனுக்கு. இதைத்தான் கேக்கத் தெரிஞ்சுது. உன் நீலச் சட்டையையும் இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன், கிழவா."

நீலச் சட்டையையும். க்ளைவுக்கு இனி சாட்சி எதுவும் தேவையிருக்கவில்லை.

மறுநாள் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்த்தார். "மாட்டேன்." தணிந்த குரலில் ஒருமுறை, உரத்த குரலில் ஒருமுறை. பழம் பறிக்க வந்தவர்கள், முதலாளி டீ குடிக்க விடமாட்டேன் என்கிறார் போலிருக்கிறது என்று மறுபடி ஏணியில் ஏறினார்கள். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. ஊர் முன்னால் அதைச் சொன்ன பிறகு வார்விக் தன்னோடு வீடு திரும்புவாரா என்பதற்குத்தான் ஒத்திகை இல்லை. சொல்லாமல் விட்டாலோ, முப்பது வருஷப் பெருமை போய்விடும்.

சனிக்கிழமை ஊரே ஆளுக்கொரு பலகாரத் தட்டோடு ஹாலுக்கு வந்தது. க்ளைவ் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தார். நீலச் சட்டைதான். முன்னால் வார்விக், நெஞ்சில் வெள்ளைப் பூவோடு நின்றிருந்தார்.

கல்யாணம் நடத்தி வைக்கும் பெண்மணி தொண்டையைச் செருமினார். எல்லாரும் பின்பக்கம் திரும்பினார்கள். க்ளைவ் எழுந்தார்.

"மாட்..."

அவரைத் தாண்டி மேவிஸ் உள்ளே நடந்து வந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். க்ளைவ் மரியாதைக்காக எழுந்ததாக நினைத்து, பக்கத்து இருக்கைக்காரர் தாமும் எழுந்து நின்றார்.

மோதிரம் போட்டபோது கோர்டன் குலுங்கி அழுதார். வார்விக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். கடைசிவரை ஒருவரும் க்ளைவை முன்னால் கூப்பிடவில்லை. வார்விக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லாமல் மிஞ்சிய 'மாட்டேனை' என்ன செய்வதென்று க்ளைவுக்குத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்தது. சமையலறையில் நோரீன் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். க்ளைவ் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"நோரீன், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஆப்பிள் பறிப்பு முடிஞ்சதும் வர்ற சனிக்கிழமை, ஹால் காலியா இருக்குமா?" குரல் தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கரைந்தது.

நோரீன் குழாயை மூடினார். "இப்ப காலிதான். நீ பார்ல வந்து ஹாலைப் பத்திக் கேட்ட அன்னைக்குவரைக்கும் இல்ல."

"யாரு பிடிச்சிருந்தா?"

"வார்விக். சட்டம் வந்ததுல இருந்து வருஷா வருஷம் அந்த நாளை உங்க ரெண்டு பேர் பேர்ல பிடிச்சு வைப்பார். வருஷா வருஷம் அவரே போன் பண்ணி, வேண்டாம்னுடுவார். இந்தத் தடவையும் பண்ணிட்டார்."

க்ளைவ் கையிலிருந்த தட்டை, அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ அவனுக்குத் திருப்பி போன் பண்ணு," என்றார் கடைசியில். "இந்த வருஷம் ரத்து பண்ண முடியாதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."