மூன்றாவது கேள்வி

"ஆளு சிக்கியாச்சு சார்!"

கம்ப்யூட்டர் திரையை மேனேஜர் பக்கம் திருப்பினாள் சி.ஐ.டி. ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் இருக்கும் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. யார், எப்போது, எதைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். அந்த லட்சக்கணக்கான வரிகளிடம் சரியாக ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் வந்துவிடும்.

இன்று அவள் கேட்டது: பெரிய டாக்டர் பதிவு செய்த மருந்து அளவை மாற்றியது யார்?

பத்தொன்பது வரிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர், குழந்தைகள் வார்டு சிஸ்டர்.

"பார்த்தீங்களா? பதினோரு மணிக்குத் தற்செயலா கவனிச்சேன், நான் போடாத அளவு இருந்துது. என் மருந்துல கை வைக்க இந்தம்மா யாரு? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க!" பெரிய டாக்டர் மேஜையில் குத்தினார்.

மேனேஜருக்கு நம்பவே முடியவில்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல எதிரில் நின்ற சிஸ்டரைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இது? பச்சைக் குழந்தைங்க உயிரோட விளையாடலாமா?"

"மாத்தினது நான்தான் சார்."

"ஏன்னுதான் கேக்கறேன்."

சிஸ்டர் பெரிய டாக்டரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சி.ஐ.டி.க்கு அப்போதுதான் உறைத்தது. யார் என்று கேட்டாளே தவிர, எதை எதுவாக மாற்றினார்கள் என்று கேட்கவில்லை. அவசரக்குடுக்கை! தட்டினாள்.

"சார்... எட்டு மாசக் குழந்தைக்கு முதல்ல இருநூறு மில்லிகிராம்னு இருந்திருக்கு. சிஸ்டர் அதை இருபதுன்னு மாத்தியிருக்காங்க. அடுத்தது ஐம்பது, அதை அஞ்சுன்னு..."

"இருநூறா?" பெரிய டாக்டர் பதறினார். "எட்டு மாசக் குழந்தைக்கா? உயிர் தங்குமா? எந்த மடையன் போட்டான்?"

திரையில் அவர் பெயர்தான் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு சமாளித்துக்கொண்டார். "சரி, தப்பாவே இருக்கட்டும். என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? தானா மாத்தறதா?"

"கேக்காம மாத்தினது தப்புதான் டாக்டர்," என்றார் சிஸ்டர். "நானே வேலையை விட்டுப் போயிடறேன்."

மேனேஜர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை எடுத்தார். கேட்காமல் மாற்றினால் வேலை நீக்கம், அதுதான் விதி.

சி.ஐ.டி.க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரி போன்களின் பதிவும் அதே இடத்தில்தான் சேர்கிறது. மூன்றாவது கேள்வியைத் தட்டத் தொடங்கினாள்.

"வேணாம்மா, விட்டுடு," என்று சிஸ்டர் அவள் கையைப் பிடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"சிஸ்டர் பொய் சொல்றாங்க சார்!" சி.ஐ.டி. திரையில் விரல் வைத்துக் காட்டினாள். "ஒவ்வொரு தடவையும் மாத்தறதுக்கு முன்னாடி வார்டிலேர்ந்து டாக்டர் ரூமுக்குப் போன் போயிருக்கு. பத்தொன்பது தடவையும் டாக்டர் எடுத்துப் பேசியிருக்காரு. கடைசியா இன்னிக்குக் காலையில பத்தரைக்கு, மூணு நிமிஷம்!"

"இன்னிக்கா?" பெரிய டாக்டர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு எனக்குப் போனே வரலையே!"

மேனேஜர் கையிலிருந்த பேனா நழுவியது.

சிஸ்டர் மெல்ல வந்து டாக்டரின் தோளைத் தொட்டார்.

"நாளைக்கு உங்க பொண்ணு வர்றாங்க டாக்டர். நான்தான் கூப்பிட்டேன். அதுவரைக்கும் உங்க மறதி யாருக்கும் தெரிய வேணாம்னு பார்த்தேன்."