கயிறு பிடிக்கிறவன்

வள்ளம் இன்னும் வரவில்லை.

திரேஸ்புரம் கரையில் மற்ற சங்கு வள்ளங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஆட்கள் சங்கைக் கொட்டிவிட்டு டீ குடிக்கவும் போய்விட்டார்கள். ஷெர்லின் மட்டும் வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நியாயமாக இன்றைக்கு அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

காலையில்தான் பதிப்பகம் தன் இணையப் பக்கத்தில் அறிவிப்புப் போட்டிருந்தது. ‘அடுத்த மாதம் வரவிருக்கும் சரித்திரக் காதல் நாவல்கள்.’ வரிசையில் மூன்றாவது அவளுடையது. அட்டையில் டச்சுக்காரன் காலத்துக் கப்பல், அதைப் பார்த்து நிற்கும் ஒருத்தி, கீழே அவளுடைய புனைபெயர்.

சோறு வேகிற நேரத்திலும் துணி காய்கிற நேரத்திலும் போனிலேயே தட்டித் தட்டி எழுதிய நாவல். அந்தப் புனைபெயர் இந்த ஊரில் அவள் தம்பி அனிஷுக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் பெவினுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

கதை இதுதான். முத்துக் குளிப்பவனின் மனைவி ஒருத்தி, டச்சுப் பண்டகசாலையில் வேலை பார்க்கும் ஒருவன்மேல் ஆசை வைத்துவிடுகிறாள். புருஷனை விட்டுப் போக வழியில்லை. ஒருநாள், கடலுக்குப் புறப்படும் தன் தம்பியிடம் அவள் ஒரே ஒரு வரி சொல்கிறாள்.

பதிப்பகத்தார் அந்த வரியைத்தான் தேடிப் பிடித்து அட்டைக்குப் பக்கத்தில் சிவப்பில் போட்டிருந்தார்கள்.

‘அவரை மேலே இழுக்காதே தம்பி.’

முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் கையை விடுவான் என்ற நம்பிக்கை. இப்போது முத்து இல்லை, சங்குதான். மூச்சுக்குக் கம்ப்ரசர் குழாய் வந்துவிட்டது. கயிறு மட்டும் மாறவில்லை, அதைப் பிடிக்கிற முறையும் மாறவில்லை.

பெவினின் கயிறு அனிஷ் கையில்.

காலையில் வள்ளம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அனிஷிடமிருந்து செய்தி வந்தது. அறிவிப்பைப் பார்த்திருக்கிறான்.

‘யக்கா, அந்த வரி கதைக்கு எழுதுனதா, எனக்கு எழுதுனதா?’

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அனிஷ் சின்ன வயதிலிருந்தே அப்படி. பால் பொங்குதா பார் என்றால், பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அக்கா சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும் அவனுக்கு.

இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் தாமதித்தால் போதும். கம்ப்ரசர் போடுகிற சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. கை வழுக்கிவிட்டது என்றால் முடிந்தது.



ஹில்டா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் புருஷன்தான் பெவினும் அனிஷும் போன வள்ளத்தை ஓட்டுகிறவன். ஹில்டா கையிலும் போன் இருந்தது.

“ஏளா, இப்பந்தான் அவியகிட்ட பேசுனேன். லைன் நல்லாக் கிடைக்கி. இஞ்சின் விசிறில வலை சுத்திக்கிட்டாம், அதான் சுணக்கம். வாராவளாம்.”

“எல்லாரும் வாராவளா?”

“பின்ன, பாதிப் பேர நடுக்கடல்ல விட்டுட்டா வருவாவ?” ஹில்டா சிரித்தாள்.

ஷெர்லின் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வெகுநேரம் கழித்து வள்ளம் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பது ஹில்டாவின் புருஷன். நடுவில் நிற்பது அனிஷ், அந்தச் சிவப்புப் பனியன் அவனுடையதுதான். வேறு தலை இல்லை.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இரண்டு தலைதான்.

ஹில்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பனிமய மாதாவே என்று ஆரம்பித்தவளுக்கு, மாதாவிடம் அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. பாதியில் நின்றுவிட்டாள்.

அப்போது வள்ளத்துக்குள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான்.

பெவின்.

ஷெர்லின் போனைத் திறந்தாள். ‘கதைதாம்லே, கிறுக்கா’ என்று காலையிலேயே அடித்து வைத்திருந்த பதில், போகாமல் அப்படியே கிடந்தது. இத்தனை நேரமும் அதை அனுப்ப ஒரே ஒரு தட்டுத்தான் தேவையாக இருந்தது.

இப்போது தட்டினாள்.

வள்ளம் கரை தட்டியது. பெவின் ஈரத்தோடு இறங்கி நேரே அவளிடம் வந்தான். யாருக்கும் கேட்காத குரலில், முகத்தில் சிரிப்போடு கேட்டான்.

“வீட்டப் பூட்டிப்போட்டு இங்கன என்னளா நிக்க?”

அவள் சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். கன்றிப்போன விரல் தடங்கள் இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அனிஷ் அவற்றைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

வள்ளத்தில் நின்றபடியே அனிஷ் இப்போது பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்தான். படித்தான். நிமிராமல் எதையோ அடித்தான். பிறகு கயிற்றை எடுத்துப் பொறுமையாகச் சுருட்டத் தொடங்கினான்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

‘சரிக்கா. நாளைக்கும் கேக்கேன்.’