இல்லாத வீடு

“அந்த நாசி லெமாக் கடையில கேளுங்கன்னு போர்ட்டு வாசல்ல கைய காட்டிட்டாங்கம்மா. இந்த ஆளு என் வீட்டை வாடகைக்குக் கேட்டிருக்காரு. எப்படிப்பட்டவரு?”

மருதமுத்து கைப்பேசியில் இருந்த விமலனின் படத்தை நீட்டினார். தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கடைக்காரி ஜெயா எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

வாடகைக்கு விட மருதமுத்துவிடம் ஏது வீடு? வரும் ஞாயிறு அவர் மகள் ராகினிக்கும் விமலனுக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையைப் பற்றி என்று சொல்லிக் கேட்டால் ஊரே புளுகித் தள்ளும் என்பதால்தான் இந்தப் பொய்.

விமலன், தாய் தகப்பன் இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். ராகினியே விரும்பித் தேடிக்கொண்டவன். “நீங்க விசாரிக்கப் போனா, என்னையே நம்பலன்னுதான் அர்த்தம்ப்பா” என்று நேற்று அவள் அழுதாள். போகமாட்டேன் என்று இவரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

விடிந்ததும் ஜாசினிலிருந்து மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு தங்கா பத்து கடலோரத்துக்கு வந்துவிட்டார். ஒரு பக்கம் நீலக் கடல், மறு பக்கம் துறைமுகத்தின் பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள். எதையும் ரசிக்க மனசு வரவில்லை. பெற்ற மகளுக்கே துரோகம் செய்கிறோமே என்று உறுத்தியது.

“விமலனா? தங்கமான மனுஷன் லா அங்கிள்! போர்ட்டுல கிரேன் ஓட்டுறாரு. குடி, சிகரெட்டு ஒண்ணும் கிடையாது. ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்கதான்.”

“வம்பு தும்புன்னு…”

“சேச்சே! சாப்பாட்டுலகூட வம்பு கிடையாது. முதநாளு வச்ச மீன் குழம்பு மிச்சம் இருந்தா போதும், தட்டை வழிச்சிடுவாரு.”

மருதமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் ராகினியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

“அப்ப, நம்பிக் குடுக்கலாங்கிற?”

“கண்ண மூடிக்கிட்டு குடுங்க அங்கிள்!” ஜெயா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்கம்மா வீட்டுல எடம் பத்தலன்னு எத்தன நாளு சண்டை போட்டிருப்பேன்! வீடு பாக்குறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, என் புருஷன்!”