யாருக்குக் காது குத்துறே?

அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'பூட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன் மோசடியில் ஊழியர்கள் ஏமாறாமலிருக்கப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை.

அன்று வகுப்பு நடுவே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பாருங்க, பாடமே நம்மளத் தேடி வருது" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க பொண்ணு ஸ்கூட்டர் மேல லாரி மோதிடுச்சு. நான் வழியில போனவன். உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"அப்படியா? என் பொண்ணு பேரு என்னப்பா?"

"தெரியல சார். அவங்க போன் பூட்டியிருக்கு. 'அப்பா'ன்னு உங்க நம்பரை மட்டும்தான் சொன்னாங்க."

"யாருக்குக் காது குத்துறே? எங்க ரகசிய வார்த்தையைக் கேட்டுட்டு வா, பேசலாம்!"

அழைப்பைத் துண்டித்தார். வகுப்பு கைதட்டியது.

"நீங்களும் வீட்டுல ஒரு வார்த்தை வெச்சுக்குங்க. எங்களோடது எனக்கும் என் பொண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். என் சம்சாரத்துக்கே தெரியாது."

அதே எண் மறுபடி அழைத்தது. துண்டித்தார். மறுபடியும் அழைத்தது. மறுபடியும் துண்டித்தார்.

"சரியான விடாக்கண்டன்! கடைசியா என்னதான் கதை விடுறான்னு கேப்போம்" என்று சிரித்தபடி எடுத்தார்.

"மொட்டைப் பூனை" என்றது குரல்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டு சார் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்புக்கு நடுவே அந்தக் குரல் உடைந்தது.

"கேட்டதும் சொன்னாங்க சார். அதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அப்ப உயிர் இருந்துச்சு."