றீமாவின் வான்கோழி

ஒக்டோபர் வெயில், வோபர்ன் பள்ளிப் பாலர் வகுப்பின் மேசையில் பரப்பிய மேப்பிள் இலைகளில் விழுகிறது. வான்கோழி விருந்து வைக்கும் நன்றி நவிலல் நாளுக்காகப் பிள்ளைகளின் உள்ளங்கைகளில் மண்ணிறச் சாயம் பூசி, தாளில் பதித்து, விரல்களை இறகாக்கி வான்கோழி செய்கிறார்கள். ஐந்து வயது றீமா மட்டும், மருதாணி இட்ட இரண்டு கைகளையும் இறுகப் பொத்திக்கொண்டு கதிரையில் இருக்கிறாள். “கையை விரி பிள்ளை, பெயின்ற் கழுவினாப் போயிடும்,” என்கிறாள் தூரிகையோடு நிற்கும் ஆசிரியை நிலாணி. “ஏலா. மருதோண்டிக்கு மேல ஒண்டும் பூச ஏலா. நாளைக்குச் சாச்சிட கலியாணம்.” “அப்ப எல்லாற்றை வான்கோழியும் சுவரிலை தொங்கேக்கை உன்ரை எங்கை?” றீமா ஒரு காலால் மற்றக் காலின் சப்பாத்தையும் காலுறையையும் மிதித்து உருவி, வெறும் பாதத்தை மேசைமேல் தூக்கி வைக்கிறாள். “இதில பூசுங்க டீச்சர்.” தூரிகை உள்ளங்காலில் பட, கூச்சம் தாங்காமல் துள்ளுகிறாள், நெளிகிறாள், கத்திச் சிரிக்கிறாள். கைகளை மட்டும் விரிக்கிறாள் இல்லை.